நாயின் பெயர்

'டெர்மினேட்டர் 2' படத்தின் இறுதிப் பகுதி. எஃகு ஆலையொன்றின் இரும்புத் தளங்களுக்கு நடுவே, திரவ உலோகத்தால் ஆன டி-1000 என்னும் எந்திரம், சாரா கானரின் தோளை ஊசிபோல் நீண்ட தன் விரலால் துளைத்து நிறுத்தியிருக்கிறது. வலிக்கும் என்று தெரியும், மகனைக் கூப்பிடு என்கிறது. அவள் மறுக்கிறாள். இந்தக் காட்சி எழுப்பும் கேள்வி எளியது. தொட்டவர் எவராயினும் அவருடைய உருவையும் குரலையும் அப்படியே எடுத்துக்கொள்ள வல்லது அந்த எந்திரம். சாராவின் குருதி அதன் விரலிலேயே இருக்கிறது. அவளைக் கொன்றுவிட்டு, அவளாகவே மாறி, அவள் குரலிலேயே ஒருமுறை அழைத்திருந்தால் காரியம் முடிந்திருக்கும். பிறகு எதற்காக அவள் வாயால் அந்த அழைப்பு வரவேண்டும் என்று அது காத்து நிற்கிறது?

நம் நண்பர் வட்டத்தில் இக்கேள்வி பல ஆண்டுகளாகத் தீராமல் இருக்கிறது. இயற்பியல் கற்பிக்கும் நண்பர் இதைத் திரைக்கதையின் ஓட்டை என்று சொல்லிக் கடந்துவிடுவார். வணிகவியல் கற்பிப்பவரும் நம் கல்லூரியின் தேசிய மாணவர் படையைப் பார்த்துக்கொள்பவருமான மற்றொரு நண்பர், "கையில் சிக்கிய எதிரியோடு என்ன சார் பேச்சு?" என்று அந்த எந்திரத்தின்மேல் உண்மையாகவே எரிச்சல்படுவார். தமிழ் படித்தவருக்கு இந்தச் சண்டையில் என்ன வேலை என்று இருவரும் கேட்டதுண்டு. உருமாறும் பகைவரோடு தமிழ் மாணவர்க்கு உள்ள பழக்கம் நெடியது. பொன்மானாக வந்த மாரீசனையும் கடல் நடுவே மாமரமாக நின்ற சூரபன்மனையும் வகுப்பறையில் நடத்தியே நம் பாதி வயது கழிந்திருக்கிறது. அந்தப் பழக்கத்தின் துணிவில் சொல்கிறோம்: நண்பர் ஓட்டை என்று சொல்லும் அந்த இடம்தான் படத்தின் திறவுகோல். அந்த எந்திரத்தின் போர்முறை முழுவதையும் அங்கிருந்து பின்னோக்கிப் படித்தால்தான் அது எதனால் வென்றது, எதனால் தோற்றது என்பது புலப்படும்.

படத்தை மறந்தவர்களுக்காகச் சில விவரங்கள். ஜேம்ஸ் கேமரூனின் முதல் டெர்மினேட்டர் படம் 1984இல் வெளியானது. எதிர்காலத்தில் மனிதகுலத்தை அழிக்கப் போரிடும் ஸ்கைநெட் என்ற கணினி வலையமைப்பு, தன்னை வெல்லப்போகும் ஜான் கானர் பிறவாதிருக்கும்பொருட்டு, அவன் தாய் சாராவைக் கொல்ல ஓர் எந்திரத்தைக் காலத்தில் பின்னோக்கி அனுப்புகிறது. அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர் ஏற்ற அந்த எந்திரம் எஃகு எலும்புக்கூட்டின்மேல் தசை போர்த்தது. 1991 ஜூலை 3 அன்று வெளியான இரண்டாம் படத்தில் அதே உருவம் கொண்ட இன்னோர் எந்திரம் சிறுவன் ஜானைக் காக்க வருகிறது. கொல்ல வருவது ராபர்ட் பேட்ரிக் ஏற்ற டி-1000. அதற்கு எலும்பில்லை, நரம்பில்லை, உள் என்றும் புறம் என்றும் பிரிவில்லை. சுட்டால் துளை விழும். கண்ணெதிரே அத்துளை மூடிக்கொள்ளும். டென்னிஸ் மியூரன் தலைமையில் இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனத்தார் செய்த கணினி வரைகலையும் ஸ்டான் வின்ஸ்டன் பட்டறையின் உருவங்களும் சேர்ந்து இதைச் சாதித்தன. காட்சி விளைவுகளுக்கானது உட்பட நான்கு ஆஸ்கர் விருதுகள் அப்படத்துக்குக் கிடைத்தன. எனினும், கணினியில் உருவான டி-1000 திரையில் தோன்றும் நேரம் சில நிமிடங்களே. மற்ற நேரமெல்லாம் நாம் காண்பது ராபர்ட் பேட்ரிக்கின் இமைக்காத கண்களையும் மூச்சிரைக்காத ஓட்டத்தையும்தான்.

அந்த எந்திரத்தின் எல்லைகளைப் படமே வகுத்துச் சொல்லிவிடுகிறது. ஏறத்தாழ தன் அளவுள்ள பொருளாக மட்டுமே அது மாறமுடியும். துப்பாக்கி, வெடிகுண்டு போன்றவற்றில் வேதிப்பொருள்களும் அசையும் உறுப்புகளும் இருப்பதால் அவையாக மாற அதனால் இயலாது. கத்தியாக, ஊசியாக, கொக்கியாக மாறலாம். எவரைப் போல ஆகவேண்டுமோ அவரைத் தொட்டாக வேண்டும். நகலெடுத்தபின் மூலத்தை அழித்துவிடுவது அதன் வழக்கம். ஏட்டைப் படியெடுத்துவிட்டு மூல ஏட்டை எரித்துவிடும் ஒருவரைக் கற்பனை செய்துகொண்டால் அதன் குணம் விளங்கிவிடும்.

வள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருக்கிறார். டி-1000இன் போர்முறையை இம்மூன்று அளவைகளாலும் ஒருமுறை அளந்து பார்த்தோம். நண்பர்கள் இருவரும் ஒப்புக்கொண்ட முடிவுகளை முதலில் சொல்லிவிடலாம்.

வலியறிதலில் அதற்கு நல்ல மதிப்பெண். வணிக வளாகத்தின் பின்புற நடைவழியில் காவல் எந்திரத்தோடு முதன்முதலாக மோதும்போதே, எதிரில் இருப்பது எலும்புள்ள உடல் என்பதையும், அதனோடு மல்லுக்கு நிற்பது தன் வேலையன்று என்பதையும் அது அறிந்துகொள்கிறது. வழியிலிருந்து எதிரியை விலக்கியதும் சிறுவன் ஓடிய திசையில் ஓடத் தொடங்கிவிடுகிறது. எஃகு ஆலையிலும் அப்படியே. காவல் எந்திரத்தின் கையைப் பெரும் பற்சக்கரங்களுக்கிடையில் சிக்கவைத்துவிட்டு, அதை அழிக்க ஒரு கணமும் செலவிடாமல், தேடி வந்தவனைத் தேடிப் போகிறது. "இலக்கு மாறாத படைவீரன்" என்று மாணவர் படை நண்பர் இதைப் பாராட்டுவார். பிறகு இரண்டாம் மோதலில் இரும்புக்கம்பியை அதன் முதுகில் பாய்ச்சிக் கண்ணொளி அணைந்ததும் செத்தது என்று விட்டுப் போகிறதே, தலையைத் துண்டித்திருக்க வேண்டாமா என்று அவரே குறையும் சொல்வார். மாற்று மின்வழி ஒன்றின் துணையால் காவல் எந்திரம் மீண்டும் எழுந்ததை எண்ணினால் அக்குறை நியாயமானதே.

காலமறிதலில் நடுத்தரம். வளர்ப்புப் பெற்றோரின் வீட்டுக்குத் திரும்பி வந்து, சிறுவன் எப்படியும் வீட்டைத் தொடர்புகொள்வான் என்று காத்திருப்பது கொக்கின் பொறுமை. மனநல மருத்துவமனையில் அடைபட்டிருக்கும் தாயை மகன் தேடி வருவான் என்று கணித்து அங்கே போய் நிற்பதும் அவ்வாறே. ஆனால், இறுதியில் சாராவின் துப்பாக்கியில் தோட்டா தீர்ந்துபோனவுடன், நெஞ்சில் விழுந்த ஓட்டையை மூடிக்கொண்டு, குழந்தையை அதட்டுவதுபோல் ஒரு விரலை அசைத்துக் காட்டுகிறதே, அந்த நொடிகள் அதற்குத் தேவையற்றவை. எந்திரத்துக்கு ஏன் ஏளனம் என்று இயற்பியல் நண்பர் கேட்பார். அந்த இடைவெளியில்தான் காவல் எந்திரம் கடைசிக் குண்டோடு எழுந்து வருகிறது.

இடனறிதலில் முழுத் தோல்வி. நீரில் முதலைக்குள்ள வலிமையும், நீரைவிட்டு வெளியே வந்தால் அதற்கு நேரும் கதியும் அந்த அதிகாரத்தில்தான் சொல்லப்படுகின்றன. மருத்துவமனையின் கட்டம்போட்ட தரையாகவே படுத்துக் கிடந்து, தன்மேல் நடந்துபோன காவலாளியின் பின்னால் அவன் உருவிலேயே எழுந்து நிற்கும்போது டி-1000 நீரில் உள்ள முதலை. திரவ நைட்ரஜன் ஏற்றிய லாரியை ஓட்டிக்கொண்டு, உருகிய எஃகு ஆறாக ஓடும் ஆலைக்குள் நுழையும்போது அது கரையேறிய முதலை. உறைந்து நொறுங்கிய அதை ஆலையின் வெம்மை ஒருமுறை ஒன்றுசேர்த்துக் கொடுத்தது உண்மை. அதே வெம்மைதான் கடைசியில் அதை விழுங்கியது. பின்வாங்கி இன்னொரு நாள் வேறோர் உருவில் வந்திருக்கலாம். பின்வாங்குதல் என்ற சொல் அதன் அகராதியில் இல்லை.

இதுவரை இருவரும் நம்மோடு உடன்பட்டார்கள். ஆனால், இம்மூன்று அளவைகளிலும் அகப்படாமல் நழுவிவிடுவது அதன் முதன்மையான படைக்கலம். கத்தியாக நீளும் கையை அந்தப் படைக்கலமாக எண்ணிக்கொண்டால் படத்தின் பாதி நழுவிப்போகும். முதற்படத்தின் எந்திரத்திடம் பெரும் துப்பாக்கிகள் இருந்தன. அதைக் கண்டவர் அஞ்சி ஓடினர். டி-1000ஐக் கண்டு எவரும் ஓடுவதில்லை. அது கதவைத் தட்டுகிறது, வணக்கம் சொல்கிறது, உங்கள் மகனின் படம் இருக்கிறதா என்று பணிவாகக் கேட்கிறது, கொடுத்ததை வாங்கிக்கொண்டு நன்றி சொல்கிறது. வந்திறங்கியதும் அது முதலில் கைப்பற்றுவது ஒரு காவலரின் சீருடையையும் வண்டியையும். அந்த வண்டியின் கணினியிலேயே சிறுவனின் முகவரியைப் பார்த்துக்கொள்கிறது. ஊரார் காவலரிடம் வைத்திருக்கும் நம்பிக்கையே அதற்கு வழிகாட்டியும் வாகனமும் ஆகிவிடுகிறது. படம் வெளிவருவதற்கு நான்கு மாதம் முன்பு, 1991 மார்ச் 3 அன்று, அதே லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைக் காவலர்கள் அடித்து நொறுக்கிய காட்சியை ஒருவர் ஒளிப்பதிவு செய்து, அதை உலகமே பார்த்திருந்தது. அந்த நகரத்துப் பார்வையாளர்க்குச் சீருடைக்குள் யார் இருக்கிறார் என்ற ஐயம் வெறும் கற்பனையாக இருந்திருக்க முடியாது.

முகம் இரு திசையிலும் பொய் சொல்லும் என்பதைப் படம் தொடக்கத்திலேயே நிறுவிவிடுகிறது. 1984இல் கொலைகாரனாக நாம் கண்ட முகம் இப்போது காவலனின் முகம். காவலரின் உடையில் வருவது கொலைகாரன். மருத்துவமனையிலிருந்து தப்பி ஓடிவரும் சாரா, தன்னைக் காக்க வந்த எந்திரத்தின் முகத்தைக் கண்டதும், வந்த வழியே, தான் வெறுக்கும் அந்த மருத்துவமனைக்குள்ளேயே திரும்பி ஓடுகிறாள். அவள் அறிவு அவளைக் கைவிடவில்லை. முன்பு கற்ற பாடத்தின்படிதான் அவள் நடக்கிறாள். முகத்தை மட்டுமே நம்பிக் கற்ற பாடம் இங்கே உதவவில்லை.

இனி அந்தத் தொலைபேசிக் காட்சிக்கு வரலாம். நம் வாதத்தின் அச்சாணி அதுதான். முதல் துரத்தலிலிருந்து தப்பிய ஜான், வளர்ப்புப் பெற்றோரை எச்சரிக்க ஒரு பொதுத் தொலைபேசியிலிருந்து வீட்டை அழைக்கிறான். எடுப்பவள் வளர்ப்புத் தாய். பின்னணியில் நாய் விடாமல் குரைக்கிறது. அவள் அன்போடு பேசுகிறாள், எங்கே இருக்கிறாய் கண்ணே என்கிறாள். சிறுவனுக்கு உடனே ஐயம் எழுகிறது: இவள் ஒருநாளும் இவ்வளவு இனிமையாகப் பேசியதில்லையே! காவல் எந்திரம் தொலைபேசியை வாங்கிக்கொள்கிறது. நாயின் பெயர் என்ன என்று ஜானிடம் கேட்கிறது; மேக்ஸ் என்கிறான். பிறகு ஜானின் குரலிலேயே, வுல்ஃபிக்கு என்ன ஆயிற்று, ஏன் குரைக்கிறான் என்று எதிர்முனையைக் கேட்கிறது. வுல்ஃபி நலமாகத்தான் இருக்கிறான் என்று பதில் வருகிறது. எந்திரம் தொலைபேசியை வைத்துவிட்டுச் சொல்கிறது: உன் வளர்ப்புப் பெற்றோர் இறந்துவிட்டனர்.

இந்தச் சிறு உரையாடலில் மூன்று நுட்பங்கள் இருக்கின்றன. ஒன்று, நகல் மூலத்தைவிட இனிமையாக இருந்தது, அதனாலேயே பிடிபட்டது. வளர்ப்புத் தாயின் சிடுசிடுப்பை அது தொட்டுப் பெறவில்லை. மேனியைத் தொட்டால் மேனிதான் கிடைக்கும். வளர்ப்புத் தாய் என்றால் அன்பாகத்தான் பேசுவாள் என்ற பொதுவிதியை வைத்து மீதியை அது நிரப்பிக்கொண்டது. சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பிக்கும் அறிஞரிடையே ஒரு நெறி உண்டு: இரண்டு பாடங்கள் கிடைத்து, ஒன்று கரடுமுரடாகவும் மற்றது வழவழப்பாகவும் இருந்தால், கரடுமுரடான பாடமே மூலத்துக்கு நெருங்கியதாக இருக்க வாய்ப்பு அதிகம். படியெடுப்பவர் கை மேடுபள்ளங்களைத் தன்னை அறியாமலே நிரவிவிடும். ஜான் செய்தது பாட ஆராய்ச்சியேதான்.

இரண்டாவது, கேள்வியின் வடிவம். நாயின் பெயர் என்ன என்று அந்த எந்திரம் நேராகக் கேட்டிருந்தால் எதிரி விழித்துக்கொண்டிருக்கும். அது ஒரு பொய்யை நீட்டி, எதிர்முனை அதை மறுக்கிறதா என்று பார்த்தது. உண்மையான தாயாக இருந்தால், வுல்ஃபியா, அது யாரடா என்று கேட்டிருப்பாள். உறவென்பது ஒத்துப்போவதில் மட்டும் தெரிவதன்று. மறுத்துப் பேசும் உரிமையிலும் தெரியும். மோசம் செய்ய வந்தவர் நாம் சொல்வதையெல்லாம் ஆமோதிப்பார். டி-1000இன் பெருங்குறை அதன் உலோகத்தில் இல்லை. மறுத்துச் சொல்ல அதனிடம் சொந்தமாக ஒரு நினைவுகூட இல்லாததில் இருக்கிறது.

மூன்றாவது, அந்தச் சோதனையைச் செய்ததும் ஒரு போலிக் குரலே. ஜானின் குரலில் பேசியது ஜானன்று. போலியைப் போலியால் வென்ற அந்த இடத்தில், எந்தக் குரல் எதன்பொருட்டுப் பேசுகிறது என்பதைத் தவிர வேறு வேற்றுமை இல்லாது போகிறது. இது சற்றுச் சங்கடமான உண்மைதான்.

1993இல் வெளியான நீட்டித்த பதிப்பில் இதற்குத் தொடர்ச்சியாக ஒரு துண்டு இருக்கிறது. டி-1000 அந்த நாயைக் கொன்று, கழுத்துப்பட்டையில் பெயரைப் பார்க்கிறது. மேக்ஸ். தான் எங்கே தோற்றோம் என்பதை அது அந்தக் கணத்தில் கற்றுக்கொள்கிறது. இப்போது எஃகு ஆலைக்குத் திரும்பலாம். குரல் கையிலிருந்தும் அது ஏன் சாராவையே கூப்பிடச் சொல்கிறது? ஒருமுறை ஒரு தாயின் குரலை எடுத்துக்கொண்டு தோற்றுப்போனது அது. குரல் மட்டும் போதாது, கேட்பவன் சோதிப்பான் என்பதை அறிந்துகொண்ட எந்திரத்துக்கு, மூலத்தின் வாயிலிருந்தே அழைப்பு வருவது பாதுகாப்பானதாகத் தோன்றியிருக்க வேண்டும். இது நம் வாசிப்பு. இயக்குநர் இப்படி எண்ணினாரா என்பது வேறு. ஆனால், இந்த வாசிப்பில் காட்சியின் எடை கூடுகிறது. தன்னால் எடுத்துக்கொள்ள முடியாத ஒன்று மனிதரிடம் இருக்கிறது என்று அந்த எந்திரம் ஒப்புக்கொள்ளும் ஒரே இடம் அது. சாராவின் மறுப்பும் அதனால்தான் வீரமாகிறது. அந்த எந்திரம் கேட்பது அவள் குரலையன்று, அவள் இசைவை. அதை அவள் தர மறுக்கிறாள்.

காவல் எந்திரம் குறுக்கிட்டதால் அந்த முயற்சி முறிகிறது. வேறு வழியின்றி டி-1000 பிறகு சாராவின் உருவை எடுத்துக்கொண்டு ஜானை அழைக்கவே செய்கிறது. பின்னாலிருந்து உண்மைச் சாரா துப்பாக்கியோடு வருகிறாள். திரையரங்கில் வந்த பதிப்பு இத்தோடு நிற்கிறது. நீட்டித்த பதிப்பில் ஜான் தன்முன் நிற்கும் தாயின் பாதங்களைப் பார்க்கிறான். அவை இரும்புத் தளத்தோடு கலந்து, தளத்தின் நிறத்தையே பெற்றுக் கொண்டிருக்கின்றன. உறைந்து உடைந்து சேர்ந்தபின் அதன் உருமாற்றம் தன் கட்டுப்பாட்டை இழந்திருக்கிறது. தொட்டதெல்லாம் அதன்மேல் ஒட்டிக்கொள்கிறது. எதுவாகவும் ஆகமுடிந்தது, எதுவாக இருக்கிறோம் என்பதைத் தீர்மானிக்க முடியாத நிலைக்கு வந்துவிடுகிறது. உருகிய எஃகுக்குள் விழுந்து துடிக்கும்போது, தான் எடுத்த உருவங்கள் ஒவ்வொன்றாக அதில் தோன்றி மறைகின்றன. சூரபன்மனுக்குக் கடைசியில் மயில் என்றும் சேவல் என்றும் நிலையான வடிவங்கள் அருளப்பட்டன. இதற்கு அப்படியொன்றும் வாய்க்கவில்லை.

பின்னால் வந்தவர்கள் இந்த நுட்பத்தைப் படிப்படியாக மறந்தார்கள் என்பது நம் துணிபு. 2003இல் வந்த மூன்றாம் படத்தின் டி-எக்ஸ், உள்ளே எலும்புக்கூடும் வெளியே திரவ உலோகமுமாக, கைக்குள்ளேயே ஆயுதங்களோடு வருகிறது. பிற எந்திரங்களையும் தன் விருப்பப்படி ஆட்டுவிக்கிறது. 2019இல் வந்த 'டார்க் ஃபேட்' படத்தின் ரெவ்-9 எலும்பும் தோலுமாகப் பிரிந்து ஒரே நேரத்தில் இரண்டு எதிரிகளாக நிற்கிறது. தந்தையின் உருவில் மகளைத் தேடித் தொழிற்சாலைக்குள் வரும் அதன் முதற்காட்சியில் பழைய அச்சம் ஒரு கணம் எட்டிப்பார்க்கிறது. பிறகு எல்லாம் வலிமைப் போட்டியாகிவிடுகிறது. நம் 'எந்திரன்' (2010) படத்திலும் இறுதியில் சிட்டியின் படை உருண்டையாகவும் பாம்பாகவும் பேருருவாகவும் அணிவகுக்கிறது. வின்ஸ்டன் பட்டறையின் வழிவந்த லெகசி எஃபெக்ட்ஸ் நிறுவனம் அப்படத்திலும் பங்காற்றியது. ஆனால், அந்த அணிவகுப்புகளைக் காட்டிலும் நமக்குச் சுவையானது, வசீகரன் எந்திரனாக வேடமிட்டு அந்தக் கூட்டத்துக்குள் நுழைவது. அங்கே சோதிக்கப்படுபவன் மனிதன். ஆட்டம் தலைகீழாகத் திரும்புகிறது. மாணவர் படை நண்பர் ரெவ்-9 தான் சிறந்த போர்வீரன் என்பதில் உறுதியாக இருக்கிறார். இருக்கலாம். வலிமை கூடக்கூட நம்பிக்கையை ஏமாற்றவேண்டிய தேவை குறைகிறது. அந்தத் தேவை குறையக்குறைய, பார்ப்பவர் வீட்டுக் கதவு வரை வரும் அச்சமும் குறைகிறது.

இதெல்லாம் படம் பார்த்தவர்களின் பொழுதுபோக்கு வாதமாகவே இருந்துவந்தது, 2023ஆம் ஆண்டின் இறுதி வரையில். நம் துறையில் முன்பு பணியாற்றி ஓய்வுபெற்ற மூத்த பேராசிரியை ஒருவருக்கு அப்போது ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. வெளிநாட்டில் இருக்கும் அவர் மகனின் குரல். விபத்து, உடனே பணம் வேண்டும், அப்பாவிடம் சொல்லவேண்டாம் என்ற அழுகை. அவர் தம் ஓய்வூதியச் சேமிப்பில் ஒரு பகுதியை அனுப்பிவிட்டார். மாலையில் மகனே வழக்கம்போல் அழைத்து, மழை பெய்கிறதா என்று கேட்டபோதுதான் விவரம் தெரிந்தது. செய்யறிவுக் கருவிகளுக்குச் சிறு ஒலித்துண்டு ஒன்று போதும், ஒருவர் குரலைத் தொட்டெடுத்துவிடும் என்பதைச் செய்தித்தாளில் நாம் எல்லோருமே படித்திருந்தோம். அவரும் படித்திருந்தார்.

பார்க்கப் போனபோது, ஒரு கணமும் ஐயம் வரவில்லையா அம்மா என்று கேட்டோம். வந்தது என்றார். "அவன் என்னை அத்தனை வாஞ்சையாகக் கூப்பிட்டுப் பத்து வருஷம் இருக்கும். அது இடித்தது. ஆனால், பிள்ளை அழும்போது விடுகதையா போடுவது?"

அந்தச் சொல்லுக்கு முன்னால் நம் திரைப்பட ஞானம் வாயடைத்து நின்றது. ஜானுக்கு வந்த ஐயம் அவருக்கும் வந்திருக்கிறது, அதே காரணத்தால். சோதிக்கும் வழியும் எளியதுதான். ஆனால், சோதிப்பது அன்புக்கு இழுக்கு என்ற எண்ணம் அவர் வாயை மூடிவிட்டது. உருமாறியின் போர்முறையில் மிகக் கூர்மையானது எது என்ற நம் நெடுநாள் விவாதத்துக்கு விடை அங்கேதான் கிடைத்தது. முகத்தை எடுப்பதும் குரலை எடுப்பதும் அடுத்த படிகள். ஐயப்படுவதே பாவம் என்று நம்மை எண்ணவைப்பதுதான் அதன் முதல் அடி.

கம்பன் இதை நன்கு அறிந்திருந்தான். ஆரணிய காண்டத்தில் அம்பு தைத்து வீழும் மாரீசன் இராமனின் குரலில் கூவுகிறான். மான் உருவைவிடக் கொடிய ஆயுதம் அந்தக் குரல். சீதை நம்புகிறாள், இலக்குவன் நம்பவில்லை. அண்ணனை அறிந்தவன் ஆகையால், அது அண்ணன் குரலாக இருக்க இயலாது என்பது அவனுக்குத் தெரிகிறது. அவன் தெளிவு அன்பின்மையாகவே சீதைக்குப் படுகிறது. கடிந்துகொள்கிறாள், தீயில் வீழ்வேன் என்று எழுகிறாள். தெளிந்தவன் அந்தச் சொல்லுக்குத் தோற்றுக் காவலைவிட்டுப் போகிறான். மாரீசன் செத்தபின்னும் அவன் கூவிய குரல் போரிட்டு வென்றது. வகுப்பில் இந்தப் பகுதியை நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் சீதைமேல் குறை சொல்வார்கள். அந்தப் பேராசிரியையின் வீட்டுக்குப் போய்வந்த பிறகு, இதை நடத்தும்போது, அன்புடையவர்க்கே விரிக்கப்பட்ட வலை அது என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம். அன்பில்லாதவர் அந்தக் குரலைக் கேட்டுப் பதறியே இருக்கமாட்டார்.

ஆகவே, அந்தப் பொதுத் தொலைபேசிக் காட்சி நமக்கு இன்று வேறு பொருள் தருகிறது. சோதிப்பதும் அன்பின் ஒரு தொழில்தான் என்று காட்டும் காட்சி அது. சிறுவன்மேல் அக்கறை உள்ள ஒன்று அவன்பொருட்டு ஒரு பொய்ப்பெயரைச் சொல்லிப் பார்க்கிறது. வளர்ப்புத் தாய் உயிரோடு இருந்திருந்தால் அதற்காக வருந்தியிருக்கமாட்டாள். சற்று எரிச்சலோடு திருத்தியிருப்பாள், அவ்வளவே. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. வெளியிட்ட பொது அறிவிப்பொன்று, குடும்பத்தினர் தமக்குள் ஒரு மறைச்சொல்லை வைத்துக்கொள்ளுமாறும், பணம் கேட்டுக் குரல் வந்தால் அதைக் கொண்டு ஆளை உறுதி செய்யுமாறும் அறிவுறுத்தியது. 1991இல் ஒரு புனைகதை எந்திரம் செய்ததற்கு ஏறத்தாழ நிகரானதை ஒரு நாட்டின் புலனாய்வுத் துறை குடிமக்களுக்குச் சொல்லவேண்டி வந்திருக்கிறது.

நம் இயற்பியல் நண்பர் இன்னும் இணங்கவில்லை. மறைச்சொல்லும் ஒருநாள் கசியும். குரலை எடுத்த கருவிக்குச் சொல்லை எடுப்பதா அரிது என்கிறார். சரிதான். ஆனால், கேள்வி கேட்கும் பழக்கம் கசிந்தாலும் கெட்டுப்போவதில்லை. ஒரு சொல் போனால் இன்னொன்று வரும்; ஒரு வீட்டுக்குள் ஒருவருக்கொருவர் மட்டுமே அறிந்த சிறு பிழைகளுக்கும் சண்டைகளுக்கும் கேலிப்பெயர்களுக்கும் குறைவேது? இனிமையாகப் பேசிய நேரங்களைவிட முரண்பட்ட நேரங்களே அந்தக் களஞ்சியத்தை நிரப்பியிருக்கும். மேனியைத் தொடும் விரலுக்கு அவை அகப்படுவதில்லை.

அந்த மூத்த பேராசிரியை தம் மகனோடு பேசி ஓர் ஏற்பாடு செய்துகொண்டதாகப் பின்னர் சொன்னார். பணம் என்ற பேச்சு வந்தால், அவன் சின்ன வயதில் வீட்டில் இருந்திராத ஒரு பூனையை அவர் விசாரிப்பார். ஏது அம்மா பூனை என்று மகன் கேட்கவேண்டும். முதன்முறை ஒத்திகை பார்த்தபோது மகன் எல்லாவற்றையும் மறந்துவிட்டு, பூனை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டானாம். அவர் உடனே அழைப்பைத் துண்டித்துவிட்டார். இதைச் சொல்லிவிட்டு, நெடுநேரம் சிரித்தார்.